மலிவுக் கட்டண விமானம்: பாதுகாப்பை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுபட்டது. எரிபொருளைத் தீர்ப்பதற்காக விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்தது. தமிழகம் அதைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இரவு எட்டேகால் மணியளவில் 141 பேரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். அதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 12 அன்று நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அதே நிறுவனத்தின் துபாய் விமானம் அதே நிலையத்தில் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலேறியது. கருவிகள் சரியாக இயங்குவதாக விமானிகள் தெரிவித்தார்கள். அடிப்பகுதி சேதமடைந்த அந்த விமானம் 136 பேருடன் மணிக்கணக்காகப் பறந்து, பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு விடியற்காலையில் இறங்கியது.

இரண்டில் பின்னதுதான் பன்மடங்கு அபாயமானது. பலருக்கும் நினைவில் நிற்பதோ முன்னது. 2024இல் பழுது உடனே தெரிந்தது, கையேட்டின்படி காரியங்கள் நடந்தன, கீழே தீயணைப்பு வண்டிகள் தயாராக நின்றன. பாதுகாப்பு ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்த மாலை அது. 2018இல் நடந்ததை யாரும் நேரலையில் பார்க்கவில்லை. ஒரு நிறுவனம் பாதுகாப்பானதா என்று பயணிகள் போடும் கணக்கு பெரும்பாலும் இப்படிக் கண்ணில் பட்டதை வைத்தே போடப்படுகிறது.

திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ நேராகப் போக விரும்புகிறவருக்கு மலிவுக் கட்டண நிறுவனங்களை விட்டால் அநேகமாக வேறு வழி இல்லை. எனவே ‘இதில் ஏறலாமா’ என்பது இங்கே பொழுதுபோக்கான ஐயம் அன்று. இந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் உள்ள விடைகளைச் சோதித்து, எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டணம் எங்கே குறைகிறது?

‘இவ்வளவு மலிவாகக் கொடுக்கிறான் என்றால் எதிலோ கை வைத்திருக்கிறான்’ என்பது முதல் விடை. கை வைத்திருப்பது உண்மைதான். எதில் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் வகுத்த வழியையே பிறகு வந்த ரயன்ஏர், ஏர்ஏசியா, 2003இல் இந்தியாவில் தொடங்கிய ஏர் டெக்கான், 2006இல் தொடங்கிய இண்டிகோ ஆகியவை தத்தம் முறையில் பின்பற்றின. ஒரே வகை விமானங்களை வாங்குவது, இருக்கைகளை நெருக்குவது, சாப்பாட்டுக்கும் பெட்டிக்கும் தனிக் காசு வாங்குவது, இறங்கிய விமானத்தை அரை மணிக்குள் மறுபடி கிளப்புவது ஆகியவைதான் அந்த வழி. இவற்றில் பெரும்பாலானவை பாதுகாப்பைத் தொடுவதில்லை. ஒரே வகை விமானம் என்பது உண்மையில் பாதுகாப்புக்கு அனுகூலம்: விமானியும் பொறியாளரும் ஒன்றையே கரைத்துக் குடித்திருப்பார்கள். எரிபொருள் மிச்சத்துக்காகப் புதிய விமானங்களை வாங்குவதும் அப்படியே. உரிமம், விமானிப் பயிற்சி, பராமரிப்பு ஆகியவற்றின் சட்டக் குறைந்தபட்சம் கட்டணத்தைப் பொறுத்து மாறுவதில்லை.

பதிவுகளும் இதற்கு ஒத்தே உள்ளன. 1971 முதல் 2018 வரை சவுத்வெஸ்ட் விமானத்தினுள் இருந்த பயணி எவரும் விபத்தில் இறக்கவில்லை. 2018 ஏப்ரலில் எஞ்சின் விசிறித் தகடு முறிந்து ஒருவர் இறந்ததே முதல் நிகழ்வு. ரயன்ஏர், ஈஸிஜெட், இண்டிகோ ஆகியவற்றில் விபத்தால் பயணி இறந்ததில்லை. மறுபுறம், 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் வீழ்ந்தது முழுச்சேவை நிறுவனத்தின் விமானம்.

ஆயினும் ஐயம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. பராமரிப்பை வெளியாருக்கு ஒப்பந்தம் விடுவது, விமானிகளைச் சட்டம் அனுமதிக்கும் கடைசி மணி வரை பறக்கவைப்பது, ஆட்களைத் தயார் செய்வதைவிட வேகமாக விமானங்களைச் சேர்ப்பது ஆகிய மூன்றும் செலவுக் குறைப்பிலிருந்து பிறப்பவை, பாதுகாப்பைத் தொடுபவை. இவை மலிவுக் கட்டண நிறுவனங்களின் தனிச்சொத்து அல்ல என்பது கீழே தெளிவாகும்.

பூஜ்யத்தின் பொருள்

‘இதுவரை ஒரு விபத்தும் இல்லை’ என்பது இரண்டாவது விடை. கேட்க ஆறுதலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் பல நிறுவனங்களின் விஷயத்தில் அது எதையும் சொல்வதில்லை.

பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டாவின் அறிக்கைப்படி 2024இல் உலகெங்கும் 4 கோடியே 6 லட்சம் பறப்புகள் நடந்தன. அவற்றில் உயிரிழப்பு நேர்ந்த விபத்துகள் 7. அதாவது ஏறத்தாழ 58 லட்சம் பறப்புக்கு ஒன்று. நாளொன்றுக்கு 300 பறப்புகள் நடத்தும் நிறுவனம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஆண்டுக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் பறப்புகள் ஆகும். உலகச் சராசரி அளவே பாதுகாப்பான நிறுவனம் என்றால் அது 53 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உயிரிழப்பு விபத்தைச் சந்திக்கும். ஆக, பத்தாண்டுகள் விபத்தின்றிப் பறந்தது பெரிய சாதனையாகாது. புள்ளியியலில் இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: ஒரு நிகழ்வு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வாய்ப்புகளில் ஒருமுறைகூட நேரவில்லை என்றால், அதன் உண்மையான விகிதம், மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்து வருவதைவிட அதிகம் இராது என்று 95 விழுக்காடு உறுதியுடன் சொல்லலாம். நம் கற்பனை நிறுவனத்தின் பத்தாண்டுக் கணக்கு 11 லட்சம் பறப்புகள். அதன் அபாயம் மூன்றரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு மோசமாக, அதாவது உலகச் சராசரியைப்போல் சுமார் 16 மடங்காக, இருந்தாலும்கூட இந்தக் கறையற்ற பதிவு அதைக் காட்டிக்கொடுக்காது.

பெரிய நிறுவனங்களின் பூஜ்யத்துக்குத்தான் பொருள் உண்டு. நாளுக்கு 2,000க்கு மேல் பறப்புகள் நடத்தும் இண்டிகோ, 58 லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டு ஆண்டுகளுக்குள் எட்டிவிடும். ரயன்ஏருக்கு அதைவிடக் குறைந்த காலம் போதும். அவற்றின் சுத்தமான பதிவைச் சான்றாக ஏற்கலாம். சிறு நிறுவனத்தின் பதிவை ‘இன்னும் தெரியாது’ என்றே வாசிக்க வேண்டும்.

நிறுவனத்தை விட்டு நாட்டை அலகாகக் கொண்டால் எண்கள் தெளிவாகப் பேசுகின்றன. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் பார்னெட் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்பவர். 2024இல் வெளியான ஆய்வின்படி, 1968–77இல் விமானமேறுகிறவர்களில் மூன்றரை லட்சத்துக்கு ஒருவர் இறந்தார்கள். 2018–22இல் இது 1 கோடியே 37 லட்சத்துக்கு ஒருவர் என்று குறைந்தது. நாடுகளை அவர் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கிறார். முதல் அடுக்கோடு ஒப்பிட்டால் மூன்றாம் அடுக்கில் அபாயம் 36 மடங்கு. இந்தியா இரண்டாம் அடுக்கில், சிங்கப்பூர், மலேசியா, அமீரகத்தோடு உள்ளது. எந்த நாட்டின் கண்காணிப்பில் பறக்கிறோம் என்பது எவ்வளவு கட்டணம் கொடுத்தோம் என்பதைவிடப் பலமடங்கு முக்கியம் என்பதே இதன் சாரம்.

பணமுடை

மலிவு வேறு, பணமுடை வேறு. மலிவாக விற்று நல்ல லாபம் பார்க்கும் நிறுவனமும் உண்டு. அதிக விலைக்கு விற்றுக் கடனில் மூழ்கும் நிறுவனமும் உண்டு. பொருளியல் அறிஞர் நான்சி ரோஸ் 1990இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க நிறுவனங்களின் லாபத்தையும் விபத்துகளையும் ஒப்பிட்டு, லாப விகிதம் சரியும்போது அதைத் தொடர்ந்து விபத்து விகிதம் ஏறும் போக்கைக் கண்டது. சிறிய நிறுவனங்களில் இது தெளிவாகத் தெரிந்தது. இத்துறையில் எனக்கு மிகவும் பயன்படும் கண்டுபிடிப்பு இதுவே.

மலிவுக் கட்டண விமானத்தின் மேல் சந்தேகம் படிந்ததற்கு மூலகாரணம் என்று ஒரு நிகழ்வைச் சுட்டினால் அது வால்யூஜெட்டாகத்தான் இருக்கும். 1993இல் இரண்டு விமானங்களுடன் தொடங்கிய அந்த நிறுவனம் மூன்றாண்டுக்குள் ஐம்பதைத் தொட்டது. வாங்கியவை பழைய டிசி-9 விமானங்கள். பராமரிப்பு வெளி ஒப்பந்தத்தில். 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய 592ஆம் எண் விமானம் தீப்பிடித்து ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் வீழ்ந்தது. 110 பேரும் இறந்தார்கள். சேப்ர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள், காலாவதியான ஆக்சிஜன் உற்பத்திக் கலன்களைப் பாதுகாப்பு மூடி போடாமல், ‘காலி’ என்று குறித்துச் சரக்கறையில் ஏற்ற அனுப்பியிருந்தார்கள். அவை சூடாகித் தீப்பற்றின.

இத்துடன் நிறுத்தினால் கதை பாதிதான். அத்தகைய சரக்கறைகளில் புகை உணரும் கருவி வேண்டும் என்று விபத்துப் புலனாய்வு வாரியம் 1988 நிகழ்வு ஒன்றுக்குப் பின் பரிந்துரைத்திருந்தது. செலவுக்குத் தக்க பயன் இல்லை என்று ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ அதை ஏற்கவில்லை. 1996 பிப்ரவரியிலேயே எஃப்ஏஏவின் உள் குறிப்பு ஒன்று வால்யூஜெட்டின் உரிமத் தகுதியை மறுபரிசீலனை செய்யச் சொல்லியிருந்தது. விபத்துக்குப் பிறகும் அமெரிக்கப் போக்குவரத்துச் செயலர் அந்த நிறுவனம் பாதுகாப்பானது என்று மக்களிடம் சொன்னார். அடுத்த மாதமே அதன் சேவை நிறுத்தப்பட்டது. கோப்பில் இருந்த மதிப்பீடும் மேடையில் சொன்ன மதிப்பீடும் ஒன்றல்ல என்பதைப் பயணி 110 சாவுகளுக்குப் பிறகே அறிந்தார்.

இந்தியாவில் இதே வகைப் பணமுடை வேறு முடிவுக்கு வந்தது. 2022 ஜூலையில், 18 நாட்களில் எட்டுக் கோளாறுகள் நேர்ந்ததை அடுத்து, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ ஸ்பைஸ்ஜெட்டிடம் விளக்கம் கேட்டது. 2021 செப்டம்பர் நிதித் தணிக்கையில், உதிரி பாகம் தருவோருக்கு ஒழுங்காகப் பணம் போகவில்லை, அதனால் பாகங்கள் தட்டுப்பட்டு, பழுதோடு பறக்க அனுமதிக்கும் பட்டியல் அடிக்கடி பயன்படுத்தப்படுகிறது என்று கண்டதை அந்தக் கடிதம் சுட்டியது. 2022 ஜூலை இறுதியில் ஸ்பைஸ்ஜெட்டின் பறப்புகள் எட்டு வாரங்களுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டன. தணிக்கைக்கும் நடவடிக்கைக்கும் இடையே பத்து மாதங்கள் ஓடியது உறுத்துகிறது. ஆனாலும் நடவடிக்கை விபத்துக்கு முன்னதாக வந்தது.

செலவை இறுக்கும் வழக்கம் முழுச்சேவை நிறுவனங்களுக்கும் உண்டு. 2000 ஜனவரி 31இல் பசிபிக் கடலில் வீழ்ந்து 88 பேரைப் பலிகொண்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261, வால்பகுதித் திருகுதண்டுக்கு உரிய காலத்தில் மசகு இடாமல் அது தேய்ந்து அறுந்ததால் வீழ்ந்தது. மசகிடும் இடைவெளியை நீட்டியதற்கு எஃப்ஏஏவின் ஒப்புதலும் இருந்தது.

திரும்பத் திரும்ப வந்த பழுது

2014 டிசம்பர் 28 அன்று சுரபயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த இந்தோனேசியா ஏர்ஏசியா விமானம் ஜாவா கடலில் வீழ்ந்து 162 பேர் இறந்தார்கள். முதலில் எல்லோரும் மேகத்தையும் புயலையும் குறை சொன்னார்கள். புலனாய்வு காட்டியது வேறு: சுக்கான் அசையும் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஒரு பற்றவைப்பு விரிசல் விட்டிருந்தது. முந்தைய 12 மாதங்களில் அதே கருவி 23 முறை பழுதானதாகப் பதிவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ செய்து சரியாக்கி அனுப்பியிருக்கிறார்கள். கடைசிப் பயணத்தில் எச்சரிக்கை நான்காம் முறை ஒலித்தபோது சர்க்யூட் பிரேக்கர் எடுக்கப்பட, தானியங்கிப் பறப்பு அறுந்தது. விமானிகளால் மீட்க முடியவில்லை.

நான்கு ஆண்டு கழித்து, 2018 அக்டோபர் 29 அன்று, லயன் ஏர் 610 ஜகார்த்தா அருகே வீழ்ந்து 189 பேர் இறந்தார்கள். போயிங் 737 மேக்ஸின் வடிவமைப்புக் குறையே முதற்காரணம். ஆனால் அதே விமானம் முந்தைய நாள் பாலியிலிருந்து வந்தபோதும் அதே கோளாறைக் காட்டியிருந்தது. விமானியறையில் கூடுதலாக அமர்ந்திருந்த மூன்றாவது விமானி உதவ, அது தப்பியது. நடந்தது முழுமையாக எழுதிவைக்கப்படவில்லை. மறுநாள் காலை அதே விமானம் கிளம்பியது.

இவ்விரண்டையும் வைத்து ‘மலிவு நிறுவனங்கள் இப்படித்தான்’ என்று முடிவு கட்டுவதில் சிக்கல் உண்டு. ஐந்து மாதத்துக்குள், 2019 மார்ச் 10 அன்று, அதே வகை விமானம் அதே குறையால் எத்தியோப்பியாவில் வீழ்ந்து 157 பேர் இறந்தார்கள். அதை இயக்கியது மதிப்பு மிக்க முழுச்சேவை நிறுவனம். போயிங்கின் வடிவமைப்பில் நேர்ந்த குறை டிக்கெட் விலையைப் பார்ப்பதில்லை. பட்டியல்களை நம்புவதிலும் சிக்கல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் இந்தோனேசிய நிறுவனங்கள் அனைத்தையும் தடைசெய்தது. லயன் ஏரை 2016இல் விடுவித்தது. 2018 ஜூனில் மீதமிருந்த எல்லா நிறுவனங்களையும் விடுவித்தது. நான்கே மாதத்தில் 610 வீழ்ந்தது.

விமானியின் உறக்கம்

2010 மே 22 அன்று மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மூன்று வயதுகூட ஆகாதது. நடத்தியது லாப வெறி பிடித்த தனியாரும் அல்ல; அரசு நிறுவனம். ஒலிப்பதிவில் கேட்டது மூத்த விமானியின் குறட்டை. பயணத்தின் பெரும்பகுதியை உறங்கிக் கழித்து எழுந்தவர், தவறான உயரத்திலிருந்து இறங்கினார். இறங்காமல் மேலேறலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேட்கவில்லை.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் இறந்த விபத்தின் அறிக்கை இன்னும் நுட்பமானது. மழை, பின்காற்று, வேலை செய்யாத வைப்பர், ஓடுபாதையின் பாதியில் தரைதொட்ட சக்கரங்கள் எல்லாம் அதில் வருகின்றன. கூடவே, மறுநாள் காலைப் பயணத்தை இயக்க எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்க வேண்டும் என்ற எண்ணம் மூத்த விமானியை உந்தியது என்றும், அங்கே போதிய மூத்த விமானிகள் இல்லாததற்கு நிறுவனத்தின் ஆள் கொள்கையே காரணம் என்றும் அறிக்கை கூறியது. பணிப்பட்டியல் என்ற காகிதம் ஓடுபாதை வரை நீண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்திய ஆவணங்களில் நான் படித்ததில்லை.

அமெரிக்காவில் 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே 50 பேரைப் பலிகொண்ட கோல்கன் விமானத்திலும் விமானிகளின் சோர்வு பேசப்பட்டது. பயணிகள் வாங்கிய டிக்கெட்டில் இருந்த பெயரோ கான்டினென்டல்.

இந்தப் பின்னணியில் 2025 டிசம்பர் நிகழ்வை வேறுவிதமாகப் பார்க்கலாம். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த புதிய விதிகளுக்குப் போதிய விமானிகளை ஏற்பாடு செய்யாததால் இண்டிகோ பெருமளவில் பறப்புகளை ரத்து செய்தது. நிலையங்களில் மக்கள் தரையில் படுத்துக் கிடந்தார்கள், கோபம் நியாயமானது. ஆனால் ஓய்வில்லாத விமானி கிளம்பவில்லை என்ற அளவில் விதி வேலை செய்தது. கவலைப்பட வேண்டியது ரத்தானதைப் பற்றி அன்று, நெருக்கடி முற்றியதும் அந்த நிறுவனத்துக்கு டிஜிசிஏ அளித்த தற்காலிக விலக்கைப் பற்றி.

கண்காணிப்பின் தரம்

2004 ஜனவரி 3 அன்று எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் ஃப்ளாஷ் ஏர்லைன்ஸ் விமானம் வீழ்ந்து 148 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள். அந்த நிறுவனத்தைச் சுவிட்சர்லாந்து 2002லேயே தடைசெய்திருந்தது பிறகுதான் வெளியே வந்தது. பக்கத்து நாட்டு அதிகாரிக்குத் தெரிந்தது பயணிக்குத் தெரியவில்லை. ஐரோப்பியத் தடைப்பட்டியல் 2006இல் பிறந்ததில் இந்த அதிர்ச்சிக்குப் பங்குண்டு.

இந்தியாவையே 2014 ஜனவரியில் எஃப்ஏஏ இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. 2015 ஏப்ரலில் மீட்டது. குறை நிறுவனங்களிடம் அல்ல, டிஜிசிஏவிடம் என்பதே அந்த முடிவின் பொருள். பின்னர் நிலைமை ஏறியது: ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பு 2022இல் நடத்திய தணிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 69.95 விழுக்காட்டிலிருந்து 85.49 ஆனது. அதே டிஜிசிஏவில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலி என்று 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. இரண்டு செய்திகளும் உண்மை. மதிப்பெண்ணைவிடக் காலியிடத்துக்கே நான் கூடுதல் எடை தருவேன். தணிக்கைக்கு முன்னறிவிப்பு உண்டு, பழுதுக்குக் கிடையாது.

பயணியின் கையில் இருப்பது

அப்படியானால் ஏறலாமா? இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் பதிவான பெரிய மலிவுக் கட்டண நிறுவனம் என்றால் ஏறலாம் என்பதே என் முடிவு. மலிவு விமானத்தின் மேலுள்ள அச்சத்தால் திருச்சி–சென்னைப் பயணத்தைக் காருக்கு மாற்றுகிறவர், 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததைக் கணக்கில் கொள்ள வேண்டும். சம்பளம் நிலுவை, உதிரி பாகத் தட்டுப்பாடு, விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்கள் மீட்பது போன்ற செய்திகள் தொடர்ந்து வரும் நிறுவனத்தை, அது எவ்வளவு பழகியதானாலும், சில மாதம் தள்ளிவைப்பது நியாயம். டிக்கெட்டில் உள்ள பெயரோடு, உண்மையில் இயக்குவது யார் என்ற சிறு எழுத்து வரியையும் படிக்கலாம். இறங்கப்போன விமானம் மறுபடி மேலேறினால் அந்த விமானியைத் திட்டாமல் இருக்கலாம்.

இதற்கு மேல் பயணியால் அதிகம் செய்ய இயலாது. காரணம், தேவையான தகவல் அவரிடம் இல்லை. ஒரு பழுது எத்தனை முறை வந்தது, எத்தனை பழுதுகள் ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒத்திப்போடப்பட்டன என்பவைதான் மேலே கண்ட விபத்துகளில் முன்கூட்டியே பேசிய எண்கள். அவற்றை வெளியிட்டால் ஊழியர்கள் பழுதுகளைச் சொல்லவே அஞ்சுவார்கள் என்று ஓர் எதிர்வாதம் உண்டு. விமானிகள் தாமாக முன்வந்து தரும் இரகசிய அறிக்கைகளுக்கு அது பொருந்தும். அவற்றைக் காக்கவும் வேண்டும். ஒத்திப்போட்ட பழுதுகளோ எப்படியும் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டியவை. அமெரிக்காவில் நிறுவனங்கள் அனுப்பும் இயந்திரக் கோளாறு அறிக்கைகளை எஃப்ஏஏவின் தரவுத்தளத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதனால் அங்கே அறிக்கைகள் வருவது நின்றுவிடவில்லை.

டிஜிசிஏ மாதந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. எந்த நிறுவனம் எத்தனை விழுக்காடு நேரத்துக்குக் கிளம்பியது, எத்தனை பறப்புகளை ரத்து செய்தது, பத்தாயிரம் பயணிகளுக்கு எத்தனை புகார், அவற்றில் பெட்டி தொடர்பானவை எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒத்திப்போட்ட பழுதுகளுக்கும், கொடுத்த பணிநேர விலக்குகளுக்கும் அந்த அட்டவணையில் இடமில்லை. இரண்டு பத்திகள் சேர்த்தால் போதும்.